நாற்பது நொடிக்கு முந்தைய எடை

சீரியல் போர்ட் என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றும் கை பரபரக்கும். வேலையை விட்டு ஊரோடு வந்து சேர்ந்த பிறகும் அது போகவில்லை. போன மாதம் என் மனைவி பழைய சாமான்களைக் கழித்துக் கட்டும்போது ஒன்பது ஊசி வைத்த ஒரு கேபிளைத் தூக்கிக் குப்பையில் போடப் பார்த்தாள். அவள் கையிலிருந்து பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். பைத்தியம் என்றாள். இருந்துவிட்டுப் போகட்டும்.

நம் அபுதாபி ஆபீசில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் என் அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதித் தரும்படி கேட்டிருந்தீர்கள். எந்த சிப், எந்த டிரைவர், எந்த வேகம் என்பதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. நான் சொன்னால் அதில் பாதி இன்றைக்குப் பொருந்தாது. நான் சொல்லப் போவது முசஃபா தொழிற்பேட்டையில் ஒரு ஜூலை மாதம், ஒரே பகலில் நடந்து முடிந்த விஷயம். அதில் தப்பு என்னுடையது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசி வரை ஒளித்து வைத்து உங்களைத் தவிக்கவிட எனக்குப் பொறுமை கிடையாது.

இரண்டாயிரத்துகளின் நடுப்பகுதி அது. எங்கள் கம்பெனி அப்போது மூன்றே பேர் கொண்டது. ஒரு கராஜுக்கு மேலே இருந்த அறைதான் ஆபீஸ். கீழே லாரிக்கு அடிக்கிற சுத்தியல் சத்தத்தில் எங்கள் மேசை ஆடும். யாராவது ஒரு அளவுக் கருவியைக் கொண்டு வந்து, இது பேசுவதைக் கம்ப்யூட்டரில் காட்டித் தர வேண்டும் என்பார்கள். நாங்கள் காட்டித் தருவோம். கருவி பேசுவது சீரியல் போர்ட் வழியாக. ஒரே ஒயரில் எழுத்துக்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடி வரும். கம்ப்யூட்டர் உடனுக்குடன் எடுத்துக்கொள்ளாவிட்டால் வந்தது போய்விடும், திரும்பக் கேட்க முடியாது. மெதுவாகப் பேசுகிற கருவி என்றால் தூங்கிக்கொண்டே எழுதிவிடலாம். வேகமாகப் பேசுகிற கருவி வந்தால்தான் ஆட்டமே. அந்த ஆட்டம் எனக்கு உயிர்.

கடல் கால்வாய் ஓரமாக இருந்த ஒரு யார்டில், எண்ணெய் மேடைக்கான இரும்பு மேல்தளம் ஒன்றைக் கட்டி முடித்திருந்தார்கள். மூன்று மாடி உயரம். எடை போட்ட மறுநாள் காலை மிதக்கும் கிரேன் வந்து அதைத் தூக்கிப் படகில் வைக்க வேண்டும். தூக்குவதற்கு முன் அதன் எடை சரியாகத் தெரிய வேண்டும். எந்த மூலையில் எவ்வளவு கனம் என்று தெரியாமல் தூக்கினால் காற்றிலேயே சாய்ந்துவிடும். அதற்கு எட்டு இடங்களில் ஜாக் வைத்துச் சில மில்லிமீட்டர் மட்டும் தூக்குவார்கள். ஒவ்வொரு ஜாக்கின் தலையிலும் ஒரு லோடு செல் இருக்கும். தன் மேல் எவ்வளவு பாரம் என்று அது சொல்லும். எட்டு செல்லும் நொடிக்கு நூறு தடவை. அத்தனையும் ஒரே ஒயர் வழியாக என் லேப்டாப்புக்கு.

முதல் தடவை ஆபீசில் வைத்து ஓட்டிப் பார்த்தபோது திரையின் மூலையில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. அந்த விளக்கை நானேதான் வைத்திருந்தேன். ஒரு பைட், ஒரே ஒரு எழுத்து, தவறிப்போனாலும் எரியும். யார்டுக்காரர்கள் தரப்பில் எடை போடும் வேலையை மேற்பார்க்க ஒரு பொறியாளர் வந்திருந்தார். எப்போதும் வெள்ளை ஹெல்மெட் போட்டிருப்பார், ஏசி அறைக்குள்ளும் கழற்றமாட்டார். அந்தச் சிவப்பைப் பார்த்தார். இது பச்சையாகாமல் யார்டுக்குள் கால் வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். பிறகு பிடிபட்டது. வருகிறதை வாங்கி வைப்பதற்கென்றே தனியாக ஒரு சின்ன நிரலை ஓடவிட்டேன். அதற்கு வேறு வேலையே இல்லை. போர்ட்டில் வந்ததை அள்ளி ஒரு பெரிய வரிசையில் போட வேண்டியது மட்டும்தான். திரையில் வரைகிற பகுதி அந்த வரிசையின் தலையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, எட்டு வண்ணத்தில் எட்டுக் கோடாக வரையும். வரிசையை எவ்வளவு வந்தாலும் நிரம்பாத அளவுக்குப் பெரிதாக வைத்தேன். ஓட்டினேன். பச்சை! பத்து நிமிடம், ஒரு பைட் தவறவில்லை. நாற்காலியிலிருந்து எழுந்து குதித்தேன். கீழே கராஜில் வேலை செய்த பட்டாணிய மெக்கானிக் மேலே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். மேனேஜர் எல்லோருக்கும் ஷவர்மா வரவழைத்தார். பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்ததற்கு ஷவர்மா! அந்த இடத்தில் ஒரு கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

எடை போடும் நாள். காலை ஆறு மணிக்கே சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. மேல்தளத்துக்கு முப்பது மீட்டர் தள்ளி ஒரு கேபினில் நானும் லேப்டாப்பும், பக்கத்தில் வெள்ளை ஹெல்மெட்டும். வெளியே பம்ப் மேடையில் கருப்பையா. ராமநாதபுரத்துக்காரர், என் வயது. எட்டு ஜாக்குக்கும் எண்ணெய் அனுப்பும் கைப்பிடிகள் அவர் வசம். ஒவ்வொரு கைப்பிடிக்கும் மேலே எண்ணெயின் அழுத்தத்தைக் காட்டும், முள் வைத்த ஒரு பழைய கேஜ் இருக்கும். மேல்தளத்துக்கு அடியில் முருகேசன். புதுக்கோட்டைப் பக்கத்துப் பையன், இருபத்தாறு வயது. மேல்தளம் ஜாக்கில் மெல்ல உயர உயர, கீழே உண்டாகும் இடைவெளியில் இரும்புத் தகடுகளைச் செருகிக்கொண்டே வருவது அவன் வேலை. ஜாக் கைவிட்டால் தகடு தாங்க வேண்டும். தகடுகளை ஒரு கம்பால் தள்ளுவான். ஆனால் கடைசித் தகட்டை நேராக உட்கார வைக்க உள்ளே கைதான் போக வேண்டும். இடது கை. அவன் இடது கைப் பழக்கக்காரன்.

அந்த இடது கையை எனக்கு ஏற்கெனவே நன்றாகத் தெரியும். விடுமுறை நாளான வெள்ளிக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்ததும் நான் நேராகத் தொழிலாளர் கேம்புக்குப் பின்னாலிருந்த மணல் திடலுக்குப் போவேன். அங்கே கிரிக்கெட். ஸ்டம்புக்குப் பதில் காலி பெயிண்ட் டப்பா. நான்கு வாரமாக முருகேசன் என்னை ஓட்டம் எடுக்கவிடாமல் அவுட் ஆக்கிக்கொண்டிருந்தான். பந்து வெளியே போவது போல வந்து உள்ளே திரும்பும். டங் என்று டப்பாவில் சத்தம் கேட்ட பிறகுதான் எனக்கு மட்டை இறங்கும். மணல் மேடு பள்ளமாக இருக்கிறது என்று வாரா வாரம் சண்டை போடுவேன். யாரும் காதில் வாங்கியதில்லை.

எடை போடும் வேலையில் ஒரு கட்டாயமான வழக்கம் உண்டு. வாக்கிடாக்கியில் உத்தரவு கொடுப்பது ஒரே ஒரு குரல்தான். திரையைப் பார்த்துக்கொண்டிருப்பவரின் குரல். மற்றவர்கள் தகவல் சொல்லலாம், உத்தரவு கொடுக்கக் கூடாது. இரண்டு பேர் ஆளுக்கொன்று சொன்னால் அடியில் இருப்பவன் நசுங்குவான். அன்று அந்தக் குரல் நான். ஏற்று என்றால் கருப்பையா கைப்பிடியைத் தள்ளுவார். நிறுத்து என்றால் நிறுத்துவார். கோடு அசையாமல் நின்றதைப் பார்த்து நான் தகடு என்றால்தான் முருகேசன் கையை உள்ளே விடுவான். கோடு நின்றதா என்று அவனுக்குத் தெரியாது. என் வாய்தான் அவனுக்குக் கண். அந்த அதிகாரம் எனக்குக் கொஞ்சம் தலைக்கேறித்தான் இருந்தது, மறைக்க மாட்டேன். வானத்தை மறைக்கிற இரும்பு, என் ஒரு சொல்லுக்கு அசைகிறது!

வேலை மெதுவான வேலை. ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவில் சரிபார்ப்பு, கையெழுத்து, மறுபடி சரிபார்ப்பு. நிரலை ஏழு மணிக்கு ஓடவிட்டவன் நிறுத்தவே இல்லை. பச்சை விளக்கு பளிச்சென்று எரிந்தது. வெள்ளை ஹெல்மெட் அதைப் பார்த்துப் பார்த்துத் தலையாட்டினார்.

முதல் கட்டம் ஏற்றி, நிறுத்தச் சொன்னேன். கருப்பையாவின் குரல் வந்தது.

"சார், நான் கைய எடுத்துட்டேன். ஒங்க நம்பரு நின்னுருச்சா?"

நிற்கவில்லை. ஒரு மூச்சு விடுகிற நேரம் ஏறிவிட்டு நின்றது. வெள்ளை ஹெல்மெட்டைப் பார்த்தேன். இரும்பு புதிய பாரத்துக்குப் பழகிக்கொள்ளக் கொஞ்ச நேரம் எடுக்கும், அது சகஜம்தான் என்றார். படித்தவர் சொல்கிறார், எனக்கும் அது சௌகரியமாக இருந்தது. தலையாட்டினேன். இரண்டாவது கட்டத்திலும் அதேதான், ஆனால் இந்த முறை நிற்பதற்குள் பத்து வரை எண்ணலாம். மூன்றாவதில், நிறுத்து என்று நான் சொல்லி, எண் ஏறி முடிவதற்குள் முருகேசன் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டான். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. பச்சை விளக்கு எரிகிற வரை என் கணக்கில் எல்லாம் சரி.

நான்காவது கட்டம். மணி பதினொன்றரை தாண்டிவிட்டது. அந்த ஆண்டுகளில்தான் கோடையில் மதிய ஓய்வு விதி வந்திருந்தது. பன்னிரண்டரைக்கு விசில் அடித்தால் மூன்று மணி வரை வெயிலில் ஒருத்தரும் வேலை செய்யக் கூடாது. அதற்குள் இந்தக் கட்டத்தை முடித்துவிட வேண்டும் என்று எல்லோருக்கும் அவசரம். ஏற்றினோம், நிறுத்தினோம், வெகுநேரம் காத்திருந்தோம். எட்டுக் கோடும் நின்றன. மூன்றாம் ஜாக்கில் எண்பத்து நான்கு டன், துளிகூட அசையவில்லை. தகடு என்றேன். முருகேசன் சரி சார் என்றான். கம்பு இரும்பில் உரசும் சத்தம் வாக்கிடாக்கியில் கேட்டது. பிறகு கம்பைக் கீழே போட்ட சத்தம். கை உள்ளே போகிறது என்று அர்த்தம்.

"சார்," கருப்பையா குரல், அவசரமே இல்லாமல். "மூணாம் கேஜுல முள்ளு இறங்குது."

திரையைப் பார்த்தேன். மூன்றாம் கோடு ஸ்கேல் வைத்துப் போட்டது போல நேராக இருந்தது. எண்பத்து நான்கு. வெள்ளை ஹெல்மெட்டும் பார்த்தார். அந்த முள் கேஜ் பழசு, இது சான்றிதழ் வாங்கிய செல், வேலையைத் தொடரலாம் என்றார்.

தம்பிகளே, தங்கைகளே, நான் இத்தனை தூரம் எழுதியது இந்த ஒரு நொடிக்காகத்தான். என் முன்னால் இரண்டு சாட்சி. ஒன்று நான் மூன்று நாள் கண்விழித்துச் செய்தது, பச்சை விளக்கோடு. இன்னொன்று எண்ணெய் படிந்த கண்ணாடிக்குள் ஆடுகிற ஒரு முள். அந்த நொடியில் எனக்கு சிப்பும் ஞாபகத்துக்கு வரவில்லை, வரிசையும் ஞாபகத்துக்கு வரவில்லை. முருகேசன் தண்ணீர் குடித்துவிட்டு வந்ததுதான் ஞாபகம் வந்தது. முதலில் ஒரு மூச்சு, பிறகு பத்து எண்ணிக்கை, பிறகு ஒரு தம்ளர் தண்ணீர். இரும்பு பழகிக்கொள்வதாக இருந்தால் ஒவ்வொரு தடவையும் ஏன் கூடக் கூட நேரம் எடுக்க வேண்டும்? இரும்புக்கு வயதாகிறதா என்ன?

"முருகேசா, கைய எடு. எடுறா!"

அடுத்து வந்த சத்தம் கேபின் தரை வழியாக என் உள்ளங்காலுக்கு வந்தது. ஒரே அடி. அப்புறம் அமைதி. கருப்பையாதான் முருகேசனைக் கூப்பிட்டார். இரண்டு முறை கூப்பிட்டார். மூன்றாவது முறைக்குத்தான் பதில் வந்தது.

"கை இருக்கு சார். க்ளவுஸ்தான் உள்ள மாட்டிக்கிச்சு."

மூன்றாம் ஜாக்குக்குப் போகும் எண்ணெய்க் குழாயின் இணைப்பு விட்டுப்போயிருந்தது. மேல்தளத்தின் அந்த மூலை தகடுகளின் மேல் உட்கார்ந்துவிட்டது. அவன் கையை உருவியபோது தகட்டில் சிக்கிய கையுறை அங்கேயே நின்றுவிட்டது. அதன் நாலு விரலும் காகிதம் போல நசுங்கிக் கிடந்ததைப் பிற்பாடு பார்த்தேன்.

ஆனால் அதைவிட என்னை உலுக்கியது வேறு. இவ்வளவும் நடந்து முடிந்த பிறகும் என் திரையில் மூன்றாம் கோடு எண்பத்து நான்கில் நேராக ஓடிக்கொண்டிருந்தது. நானும் வெள்ளை ஹெல்மெட்டும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். முருகேசன் வெளியே வந்து கேபின் ஜன்னலுக்கு நேரே நின்று கையை உதறிக்கொண்டிருக்கிறான். அப்போதுதான் கோடு மெல்ல இறங்க ஆரம்பித்தது. எழுபது, ஐம்பது, பிறகு ஒரே வீழ்ச்சி. முழு விபத்தையும் அழகாக, ஒரு பைட்கூடச் சிந்தாமல் வரைந்து காட்டியது. நாற்பது நொடி தாமதமாக. பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

என்ன நடந்தது என்று உங்களில் கெட்டிக்காரர்கள் கண்டுபிடித்திருப்பீர்கள். ஒவ்வொரு அளவு வரும்போதும் என் நிரல் காலையிலிருந்து வந்த மொத்தக் கோட்டையும் மறுபடி வரைந்துகொண்டிருந்தது. கோடு நீள நீள வரைய நேரம் கூடியது. வாங்கி வைக்கிற பகுதி சளைக்காமல் வாங்கி வரிசையில் சேர்த்தது. வரைகிற பகுதி மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் வந்தது. பத்து நிமிடச் சோதனையில் இது தெரியவே தெரியாது. ஏதாவது தொலைகிறதா என்று மட்டும் கேட்டு அதற்கு விளக்கு வைத்தவன், காட்டுகிற எண் எப்போது வந்தது என்று கேட்கவே இல்லை. வரிசை சின்னதாக இருந்தபோது சிவப்பு எரிந்து என்னைத் திட்டிக்கொண்டிருந்தது. நான் வரிசையைப் பெரிதாக்கி அதன் வாயை அடைத்துவிட்டேன்.

விசில் அடித்தது. ஆட்கள் எல்லோரும் நிழலுக்குப் போய்விட்டார்கள். வெள்ளை ஹெல்மெட் கோபப்படுவார் என்று பார்த்தேன். அவர் முகம் வெளுத்துப் போயிருந்தது. தொடரலாம் என்று சொன்னது தானும்தான் என்பதை அவர் மறக்கவில்லை. இன்று எடை முடியாவிட்டால் கிரேன் வேறு துறைமுகத்துக்குப் போய்விடும், திரும்பி வர ஒரு மாதம் ஆகும் என்றார். மூன்று மணிக்குள் சரிசெய்ய முடியுமா என்று கேட்டார். முடியும் என்றேன். எப்படி என்று எனக்கே தெரியாது.

முதல் ஒரு மணி நேரத்தை வீணாக்கினேன். வரைவதை வேகமாக்கலாம் என்று அதிலேயே முட்டிக்கொண்டிருந்தேன். கொஞ்சம் வேகமாயிற்று. ஆனால் மாலைக்குள் மறுபடி பின்தங்கும் என்று தெரிந்தது. நடுவில் மனைவியின் போன். அவள் அபுதாபியில் ஒரு ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் நர்ஸ். மதியச் சாப்பாடு ஆயிற்றா என்று கேட்கத்தான் கூப்பிட்டாள். என் குரலைக் கேட்டதும் விடவில்லை, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். எண்ணூறு எண், எண்ணூறு பேர் மாதிரி, நொடிக்கு வந்தால் எப்படி எல்லோரையும் வரிசையாகப் பார்ப்பது என்று புலம்பினேன்.

"எல்லாரையும் எதுக்கு வரிசையில நிறுத்தணும்?" என்றாள். "வர்றவங்க பேரெல்லாம் ரிஜிஸ்டர்ல எழுதிருவோம், ஒருத்தரையும் விடமாட்டோம். டாக்டர்ட்ட கொண்டு போறது இப்ப மூச்சு முட்டி நிக்கவனைத்தான். காலையில வந்தவன் முறையைப் பாத்துட்டு இருந்தா ஆளு செத்துருவாம்லா."

போனை வைத்துவிட்டு மேசையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன். இரண்டு வேலையை ஒரே ஆள் தலையில் கட்டியிருக்கிறேன்! பதிவு வேறு, பார்வை வேறு. வந்தது அத்தனையும் டிஸ்கில் எழுதப்படட்டும், ஒன்றும் தொலையக் கூடாது. திரை அந்த வரிசைப் பக்கமே போக வேண்டாம். நொடிக்குப் பத்து தடவை வந்து, இப்போது கடைசியாக வந்த எண் என்ன என்று கேட்டு, அதை மட்டும் காட்டிவிட்டுப் போகட்டும். மனிதக் கண்ணுக்கு அது போதும்.

அடுத்த ஒரு மணி நேரத்தில் நான் எழுதியது குறைவு, அழித்தது அதிகம். அழிக்க அழிக்க எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. மூன்று நாள் பாடுபட்டு எழுதியதைக் கத்தையாகத் தூக்கி எறிகிற சந்தோஷம் இருக்கிறதே, அதை அனுபவித்தவனுக்குத்தான் தெரியும். பச்சை விளக்கைப் பிடுங்கி எறிந்தேன். அந்த இடத்தில், காட்டுகிற எண் வந்து எவ்வளவு நேரமாயிற்று என்பதை எழுத வைத்தேன். அரை நொடிக்கு மேல் பழசானால் எண்ணே மறைந்துவிடும். பழைய எண்ணைக் காட்டுவதைவிடக் காலியாக இருப்பது நல்லது. பிறகு, பத்து நிமிட ஷவர்மாவை நினைத்துக்கொண்டு, காலையில் பதிவான மொத்தக் கோப்பையும் நிரலுக்குள் ஏற்றி, அந்தப் பாரத்தோடேயே ஓட்டிப் பார்த்தேன். ஓடியது. சும்மா பறந்தது.

மூன்று மணி. விசிலுக்கு முன்பே குழாயை மாற்றியாகிவிட்டது. அப்போதே மேல்தளத்தை முழுக்கத் தகடுகளின் மேல் இறக்கி, ஜாக்குகளைத் தாழ்த்தி வைத்திருந்தார்கள். எல்லோரும் கேபின் வாசலில் நின்றார்கள். நான் வெள்ளை ஹெல்மெட்டுக்கு என் சோதனைக் கணக்குகளைக் காட்டினேன். அவர் பொறுமையாகப் பார்த்தார். காலையிலும் இப்படித்தான் எல்லாம் நன்றாக இருந்தது, இப்போது சரியாகிவிட்டது என்று நான் எதை வைத்து நம்புவது என்று கேட்டார். நியாயமான கேள்வி.

கும்பலுக்குப் பின்னால் நின்ற முருகேசன்தான் பேசினான்.

"நான்தானே சார் உள்ள போறது. என்னைய வச்சே பாருங்க."

மூன்றாம் ஜாக்கின் தலையில் செல் வெறுமனே இருந்தது. மேல்தளம் இன்னும் அதைத் தொடவில்லை. முருகேசன் அங்கே போய் உட்கார்ந்தான். நான் கேபினுக்குள், அவனைப் பார்க்க முடியாதபடி ஜன்னலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தேன். வெள்ளை ஹெல்மெட் வாசலில் நின்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார். முருகேசன் கையுறையைக் கழற்றிவிட்டு இடது உள்ளங்கையை செல்லின் மேல் வைத்து அழுத்த வேண்டும். எப்போது அழுத்துவான், எப்போது விடுவான் என்று சொல்லமாட்டான். நான் திரையைப் பார்த்து வாக்கிடாக்கியில் சொல்ல வேண்டும்.

பூஜ்யம். பூஜ்யம். பூஜ்யம். முப்பது கிலோ!

"அழுத்துற."

பூஜ்யம்.

"விட்ட."

அவன் விடுவதாக இல்லை. நான்கு வாரமாகப் பந்தில் செய்த ஏமாற்று வேலையை இப்போது கையில் காட்டினான். இரண்டு முறை சட்சட்டென்று தட்டினான், சொன்னேன். வெகுநேரம் சும்மா இருந்தான், சும்மா இருக்கிற என்றேன். அழுத்துவது போல ஆரம்பித்து நகம் படுகிற அளவில் எடுத்துவிட்டான், அதையும் பிடித்தேன். எனக்குச் சிரிப்பு வந்தது. எண்பத்து நான்கு டன் காட்டியபோது வராத நம்பிக்கை ஒரு உள்ளங்கையின் முப்பது கிலோவைப் பார்த்து வந்தது. வாசலில் கருப்பையா வாய்விட்டுச் சிரிக்கிற சத்தம் கேட்டது. வெள்ளை ஹெல்மெட் என் முதுகில் தட்டிவிட்டு, யல்லா, ஆரம்பிக்கலாம் என்றார்.

முருகேசன் மட்டும் இன்னும் ஒன்று கேட்டான்.

"சார், நான் உள்ள கை வைக்கிறப்ப நீங்க திரையில அந்த நேரத்தையேதான் பாத்துக்கிட்டு இருப்பீங்க?"

"அந்த நேரத்தையேதான் பாப்பேன். முள்ளு எங்க நிக்குதுன்னு கருப்பையாவையும் கேப்பேன்."

"அப்ப சரி," என்று புதுக் கையுறையை மாட்டிக்கொண்டு குனிந்து உள்ளே போனான்.

நான்காம் கட்டத்திலிருந்து எட்டாம் கட்டம் வரை ஒரே மூச்சில் ஓடியது. கருப்பையா கைப்பிடியைத் தள்ளும் ஒவ்வொரு தள்ளுக்கும் என் திரையில் எண் துள்ளியது. அவர் நிறுத்தினால் அதே கணத்தில் அதுவும் நின்றது. ஒவ்வொரு தகட்டுக்கும் முன்னால் அவரிடம் முள் எங்கே என்று கேட்டேன், அவரும் அலுக்காமல் சொன்னார். ஆறு மணிக்குள் எடையின் முழுக் கணக்கும் கைக்கு வந்துவிட்டது. மறுநாள் காலை கிரேன் அந்த மேல்தளத்தைத் தூக்கியபோது ஒரு பக்கமும் சாயவில்லை. நான் கரையில் நின்று பார்த்தேன். சின்னப் பிள்ளை போலக் கை தட்டினேன், வெட்கமே இல்லாமல்.

அதற்குப் பிறகு ஓமானின் சலாலா துறைமுகம் வரை எத்தனையோ சைட்டில் வேலை செய்திருக்கிறேன். எங்கே போனாலும், அந்தக் கருவியை நம்பி ஆபத்துக்குள் போகிறவர் எவரோ, அவரைக் கூப்பிட்டு, உங்கள் கையால் இதைத் தட்டுங்கள், நான் இங்கிருந்து சொல்கிறேன் என்று சொல்லாமல் வேலையை ஆரம்பித்ததில்லை. நீங்களும் ஆரம்பிக்காதீர்கள். கம்ப்யூட்டர் எத்தனை வேகமானதாக இருந்தாலும் சரி. திரை என்ன சொல்கிறது என்று கேட்பதற்கு முன் அது எப்போதையதைச் சொல்கிறது என்று கேளுங்கள். யாராவது உங்களிடம் ஒரு விளக்கைப் பச்சையாக்கச் சொன்னால், அந்த விளக்கு எந்தக் கேள்விக்குப் பதில் என்று ஒரு தடவை யோசியுங்கள்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை மணல் திடலில் என் முறை வந்தபோது முருகேசன் பந்தைக் கையில் வாங்கினான். இடது கை. ஐந்து விரலும் பந்தைச் சுற்றி மடங்கியதை நான் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஓடி வந்தான். பந்து வெளியே போவது போல வந்தது. உள்ளே திரும்பும் என்று எனக்குத் தெரியும், மட்டையையும் நேரத்துக்கு இறக்கினேன். எனக்கும் மட்டைக்கும் நடுவில் எப்படியோ புகுந்து போய் டப்பாவில் டங் என்றது. மணலைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசவில்லை. என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக நான் அவுட் ஆனதே கிடையாது.